டோர்ட்முண்டில் சனியும் ஞாயிறும்: புதிதாக வந்த மாணவர்களுக்குக் கேள்வி பதில்

குளிர்கால செமஸ்டருக்கு ஜெர்மனி வந்து இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இது. நான் டோர்ட்முண்டில் முதுகலை படித்துவிட்டு இங்கேயே வேலையில் இருக்கிறேன். தங்குவது, சமைப்பது, ஊர் சுற்றுவது பற்றிக் கேளுங்கள். விசா பற்றிக் கேட்டால் உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவேன்.

அக்கா, வியாழக்கிழமைதான் வந்தேன். முதல் சனிக்கிழமை என்ன செய்யட்டும்?

மளிகை. வேறு எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் திறக்காது. எனவே அரிசி, பால், முட்டை, வெங்காயம், டாய்லெட் பேப்பர் எல்லாம் சனிக்கிழமை மாலைக்குள் அறைக்கு வந்துவிட வேண்டும். திங்கட்கிழமை அரசு விடுமுறை என்றால் இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்குங்கள். அந்தச் சனிக்கிழமை கடைசி நேரத்தில் போனால் ரொட்டி அலமாரி துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

பையும் ஒரு யூரோ நாணயமும் கொண்டு போங்கள். தள்ளுவண்டியின் பூட்டில் நாணயத்தைப் போட்டால்தான் வண்டி கழன்று வரும், திரும்ப விட்டால் நாணயம் கிடைத்துவிடும். ஆல்டி, லிடில் கல்லாவில் இருப்பவர் பீப் பீப் என்று பொருளைத் தள்ளும் வேகத்துக்கு நாம் பையில் அடுக்க முடியாது. முயன்றால் பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். எல்லாவற்றையும் அப்படியே வண்டியில் வாரிப் போட்டு, காசைக் கொடுத்துவிட்டு, ஓரமாகப் போய் நிதானமாக அடுக்குங்கள்.

காலி பாட்டில்களை எங்கே போடுவது?

குப்பையில் போடாதீர்கள், அது காசு, வாங்கும்போதே நீங்கள் கட்டிய முன்பணம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட், சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். கடையில் இருக்கும் மெஷினில் போட்டால் சீட்டு வரும், கல்லாவில் கழித்துக்கொள்வார்கள். ஜாம், ஊறுகாய் ஜாடிகள் தெருமுனைக் கண்ணாடித் தொட்டிக்குப் போக வேண்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமை செய்யாதீர்கள். கண்ணாடி உடையும் சத்தத்துக்கு ஜன்னலைத் திறந்து திட்டுவார்கள்.

ஞாயிறு எந்தக் கடைதான் திறந்திருக்கும்?

ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் பேக்கரி. விலை கூடுதல். சனிக்கிழமையே வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடையை மூடி வைக்கிற ஊரெல்லாம் ஒரு ஊரா? எங்கள் ஊரில் ஞாயிறுதான் வியாபாரமே.

கோபம் புரிகிறது. ஆனால் இது கடைக்காரர்களின் சோம்பல் இல்லை, அரசியல் சட்டம். ஜெர்மனியின் முந்தைய அரசியல் சட்டமான 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டம் 139ஆவது பிரிவில் ஞாயிறை ஓய்வு நாளாகப் பாதுகாத்தது. 1949இல் வந்த இன்றைய சட்டம் 140ஆவது பிரிவில் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் கடை திறக்கலாம் என்று பெர்லின் மாநிலம் வைத்திருந்த விதியை, சர்ச்சுகள் போட்ட வழக்கில் 2009 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் ஏற்கவில்லை. 1996 வரை பெரும்பாலான சனிக்கிழமைகளிலேயே மதியம் 2 மணிக்குக் கடை மூடிவிடும். நீங்கள் நல்ல காலத்தில் வந்திருக்கிறீர்கள்.

(அதே தம்பி) அப்படியென்றால் ஹோட்டலும் சினிமாவும் மட்டும் எப்படித் திறந்திருக்கின்றன? அங்கே வேலை செய்பவர்களுக்கு ஓய்வு வேண்டாமா?

நல்ல கேள்விதான். ஓய்வு நாளை மற்றவர்கள் அனுபவிக்கத் தேவையான வேலைகளுக்கு விலக்கு உண்டு. மருத்துவமனை, பஸ், ரயிலுக்கும் அப்படியே. சோப்பு வாங்குவதை சனிக்கிழமை முடிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

(குறுக்கே ஒரு தங்கை) நான் சூப்பர் மார்க்கெட்டில் பகுதி நேரம் பார்க்கிறேன். என்னோடு கல்லாவில் இருக்கும் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட அவருக்கு நிச்சயமாகக் கிடைக்கும் ஒரே நாள் ஞாயிறு.

(மறுபடியும் தம்பி) சரி, ஆனால் அவருக்கு வேறொரு நாள் லீவு கொடுக்கலாமே?

கொடுக்கலாம். செவ்வாய்க்கிழமை லீவு கிடைத்து என்ன பயன், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்களே? எல்லோருக்கும் ஒரே நாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் இந்தத் தங்கையின் கட்சி. நீங்கள் வாங்குபவராக மட்டும் நின்று பார்க்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி வரை கல்லாவில் உட்கார்ந்துவிட்டு வந்து வாதாடுங்கள். இதோடு இந்தப் பேச்சை நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மிக்ஸி ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறேன். ஞாயிறு காலை சட்னி அரைக்கலாமா?

முந்தின நாளே அரைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஞாயிறு முழுக்க அமைதி நேரம், மற்ற நாட்களில் இரவு 10 முதல் காலை 6 வரை. ஒரு நிமிட மிக்ஸிக்கு யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் சுவரில் துளை போடுவது, வேக்யூம் கிளீனர் ஓட்டுவது வேண்டவே வேண்டாம். மிளகாய் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, அறைக் கதவை மூடிக்கொள்ளுங்கள். புகை அலாரம் அலறினால் மொத்த ஹாஸ்டலும் குளிரில் வெளியே நிற்கும்.

பக்கத்தில் கோயில் இருக்கிறதா?

ஹாம் நகரத்தின் ஊன்ட்ராப் பகுதியில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். போரிலிருந்து தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது, 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆர்ஈ1 ரயிலில் ஹாம் போய், அங்கிருந்து பஸ். சுற்றிலும் தொழிற்பேட்டை, லாரிகள், கிடங்குகள். தவறான ஸ்டாப்பில் இறங்கிவிட்டோமோ என்று சந்தேகம் வரும் நேரத்தில் கோபுரம் தெரியும். கோடையில் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் சனம் வரும், தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில். அன்று போனால் "தம்பி எந்த ஊர், சாப்பிட்டாச்சா?" என்று யாராவது யாழ்ப்பாணத்து ஆச்சி விசாரிக்காமல் விடமாட்டார். சாதாரண நாளில் பூசை நேரம் பார்த்துப் போங்கள்.

செமஸ்டர் டிக்கெட்டில் கொலோன் போகலாமா? ஆம்ஸ்டர்டாம்?

கொலோன் தாராளமாக. அதே ஆர்ஈ1, எதிர்த் திசை. ஆம்ஸ்டர்டாமுக்குத் தனி டிக்கெட். வண்டி நம்பருக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஆர்ஈ, ஆர்பி, எஸ் (உள்ளூர் வண்டிகள்) என்றால் ஏறுங்கள். ஐசிஈ, ஐசி (தூர விரைவு வண்டிகள்) என்றால் எவ்வளவு காலியாக இருந்தாலும் ஏறாதீர்கள். "தெரியாமல் ஏறிவிட்டேன்" என்பது செல்லாது.

பிவிபி (டோர்ட்முண்ட் கால்பந்து அணி) மேட்ச் டிக்கெட் கிடைக்குமா?

81,365 பேர் கொள்ளும் மைதானம், இருந்தும் குதிரைக் கொம்பு. ரயில் நிலையத்துக்கு எதிரே கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது, அதில் ஆரம்பியுங்கள். மேட்ச் இருக்கும் சனிக்கிழமை மெட்ரோவில் மளிகைப் பையோடு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அக்கா, ஞாயிறு கடை திறந்திருக்குமா?

மேலே படியுங்கள்.

சனி ஞாயிறு வந்தால் அறையைவிட்டு வெளியே போகத் தோன்றவில்லை. வகுப்பில் எல்லோரும் ஹலோ சொல்கிறார்கள், அதற்கு மேல் போகவில்லை.

இது பலருக்கும் நவம்பரில் வரும். நாலரை மணிக்கே இருட்டிவிடும், ஊருக்கு போன் போட்டால் இன்னும் அழுகை வரும். இங்கே நட்பு தானாக வீடு தேடி வராது. ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் பிடிபடும். அதனால் ஒருநாள் பார்ட்டியைவிட வாராவாரம் நடக்கும் ஏதாவது ஒன்றில் சேருங்கள். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகளுக்குக் கட்டணம் குறைவு, பேட்மிண்டனுக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். சனிக்கிழமை பொதுச் சமையலறையில் சாம்பார் வையுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். யாராவது "என்ன வாசனை?" என்று எட்டிப் பார்ப்பார்கள், ஒரு கிண்ணம் கொடுங்கள்.

ஞாயிறு வெயில் அடித்தால் ஃபீனிக்ஸ் ஏரிக்குப் போங்கள். அங்கே முன்பு இருந்தது இரும்பாலை. ஆலையைத் துண்டு துண்டாகக் கழற்றி சீனாவுக்குக் கப்பலேற்றிவிட்டு, 2010 அக்டோபரில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். ஒரு சுற்று மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். பகல் வெளிச்சத்தில் நடப்பதே பாதி மருந்து. அப்படியும் வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லையென்றால் பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் பேசுங்கள், தயங்க வேண்டாம்.

துணியை அறையிலேயே காயப்போடலாமா?

போடலாம், ஆனால் தினமும் காலையும் மாலையும் ஐந்து பத்து நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறங்கள், ஹீட்டரை அப்போது மூடிவிடுங்கள். இல்லையென்றால் சுவரில் பூஞ்சை, காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிவு.

நண்பனின் ஐடியில் வார இறுதி டெலிவரி ஓட்டலாமா?

கூடாது. வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய உங்களுக்கு அனுமதி உண்டு, உங்கள் பெயரில், ஒப்பந்தத்தோடு. மீதியை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஞாயிறு காலை எத்தனை மணிக்கு அம்மாவுக்கு போன் செய்யலாம்?

அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதுவரை மூன்றரை மணி வித்தியாசம், அதற்கப்புறம் நாலரை. நீங்கள் ஒன்பது மணிக்கு எழுந்து கூப்பிட்டால் அங்கே மதியம் ஒன்றரை, அம்மா சாப்பாடு பரிமாறிக்கொண்டிருப்பார். எட்டு மணிக்கே எழுந்திருங்கள்.