ஃபோம் ஒட்டியும் தவில் சத்தம் நிற்கவில்லை, பையனுக்கு இழுப்பு வேறு

கேள்வி: மாடி அறையில் மகன் தவில் சாதகம் செய்கிறான். பக்கத்து வீட்டில் ஒரே புகார். 'இதை ஒட்டினால் வெளியே துளி சத்தம் கேட்காது' என்று கடைக்காரர் சொன்னதால் சுவர் முழுக்க ஒரு இஞ்ச் ஃபோம் ஒட்டினோம். சத்தம் குறையவில்லை. இப்போது சாதகம் முடிந்து இறங்கும்போதெல்லாம் பையனுக்கு இருமல், இழுப்பு. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
- வாசகர், திருநகர், மதுரை

பதில்: பணம் அப்புறம். முதலில் பையனை டாக்டரிடம் காட்டுங்கள். அறையில் என்ன செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சளி என்று மருந்து எழுதிவிடுவார்கள்.

எனக்குச் சந்தேகம் ஃபோமைவிட அதை ஒட்டிய பசை மேல்தான். சன்னலை அடைத்த அறையில் அதன் ஆவி எளிதில் வெளியேறாது. சில பாலியூரித்தேன் பசைகளில் உள்ள ஐசோசயனேட், தொழிற்கூடங்களில் ஆஸ்துமா உண்டாக்கும் பொருள் என்று பெயர் வாங்கியது. இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது: புறா. வென்டிலேட்டரில் கூடு இருக்கிறதா பாருங்கள். காய்ந்த எச்சத்தின் தூசி சிலருக்கு நுரையீரல் அழற்சியே தரும். அதில் காய்ச்சலும் இருமலும் பெரும்பாலும் 4 முதல் 8 மணி நேரம் கழித்து வரும். எச்சத்தை விளக்குமாறால் பெருக்காமல், மாஸ்க் போட்டு, நனைத்துத் துடையுங்கள். எதுவானாலும் டாக்டர் சொல்லும்வரை சாதகம் வேறு இடத்தில் நடக்கட்டும்.

இனி சத்தம். 1895-இல் ஹார்வர்டில் எதிரொலி மிகுந்த ஒரு வகுப்பறையைச் சரிசெய்ய வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர் இருக்கை மெத்தைகளைக் கொண்டுபோய் அடுக்கிப் பார்த்தார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. ஃபோம் செய்வதும் அவ்வளவுதான்: அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளியே போவதைத் தடுக்காது. தவிலின் வலப்பக்கமான வலந்தலையின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கலாம். இடப்பக்கமான தொப்பியின் கனத்த ஒலியிடம் ஒரு இஞ்ச் ஃபோம் என்ன செய்யும்? 100 ஹெர்ட்ஸ் போன்ற கனத்த ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், அதன் முன் ஒரு இஞ்ச் எம்மாத்திரம்! வெளியே போவதைத் தடுக்க கனமும் இடைவெளி இல்லாத அடைப்பும் வேண்டும். கனமான கதவு, சந்துகளில் ரப்பர் பட்டை, கூடுதல் செங்கல் சுவர். செலவு அதிகம்தான். முட்டை அட்டை யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது எளிதில் தீப்பிடிக்கும். சாதாரண ஃபோமும் அப்படியே: 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஃபோம் ஒட்டிய இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள்.

பணத்தைக் கேட்கலாம், தாராளமாக. 'துளி சத்தம் கேட்காது' என்று கடைக்காரர் எழுத்தில் தந்திருந்தால், வாட்ஸ்அப் செய்தியானாலும், அது நல்ல ஆதாரம். பில், புகைப்படத்துடன் கடைக்கு எழுத்துமூலம் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுங்கள். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. மூச்சுத் தொல்லைக்கு இழப்பீடு கேட்பது தனிக் கதை. பசைதான் காரணம் என்று மருத்துவ ஆவணம் இல்லாமல் அது நிற்காது. பசை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.