வில்பத்துவில் கூடாரம் எங்கே அடிப்பது? கொழும்பிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பிள்ளைகள் இருவரோடு முதல்முறையாகக் காட்டில் தங்கப் போகிறோம். யாலவா, வில்பத்துவா? (வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்)

வில்பத்துவுக்கே போங்கள் தங்கச்சி. யாலவின் முதலாம் வலயத்தில் சிறுத்தையைக் காணும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஒன்று தென்பட்டது என்ற செய்தி பரவியதும் ஜீப்புகள் அங்கே குவிந்துவிடும். வில்பத்து நாட்டின் மிகப் பெரிய தேசிய பூங்கா. 1,300 சதுர கிலோமீற்றருக்கும் மேல் பரந்தது. நெரிசல் குறைவு. பிள்ளைகள் காட்டின் சத்தத்தைக் கேட்டு வளர வேண்டும் என்று விரும்புகிறவன் நான்.

உள்ளே முகாமிடுவதா, வாசலுக்கு வெளியே விடுதி எடுப்பதா? உள்ளே என்றால் எந்த இடம்? (தெஹிவளை வாசகர்)

இரண்டும் வேண்டும் என்பேன். முதல் நாள் நண்பகலில் கொழும்பிலிருந்து புறப்பட்டு, புத்தளம் வழியாக ஹுனுவிலகம வாசலுக்கு அருகே ஒரு விடுதியில் இரவு தங்குங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போய், நாள் முழுவதும் சுற்றி, இரவு உள்ளே கூடாரமடியுங்கள். கொழும்பிலிருந்து நேரே உள்ளே போக நினைப்பவர்கள் களைத்துப்போய் உச்சி வெயிலில் நுழைகிறார்கள். விலங்குகள் நிழலில் ஒதுங்கியிருக்கும் நேரம் அது.

இடத்தைத் தெரிவு செய்யும்போது பலரும் கேட்பது நிழலும் வசதியும்தான். நான் கேட்பது வேறு: விடியும்போது உங்கள் கூடாரத்துக்கு அருகில் எந்த வில்லு இருக்கிறது? வில்லுகள் என்பவை மழைநீர் தேங்கும் இயற்கையான தாழ்நிலங்கள். வெண்மணல் கரையும் சுற்றிலும் புல்வெளியும் இருப்பதால், நீர் குடிக்க வரும் மானும் பன்றியும் தெளிவாகத் தெரியும். அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும். நீர் வற்றாத ஒரு வில்லுக்கு அருகிலுள்ள முகாம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். எந்த வில்லில் இப்போது நீர் நிற்கிறது என்பதை முற்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்; மாதத்துக்கு மாதம் அது மாறும்.

முற்பதிவு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம்தான். தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. பாடசாலை விடுமுறையும் நீண்ட வார இறுதியும் முதலில் நிரம்பும். முகாம் என்றால் வெறும் நிலம் என்று நினைத்துக்கொண்டே ஆயத்தமாகுங்கள்: கூடாரம், குடிநீர், அடுப்பு, விளக்கு எல்லாம் உங்களுடையது.

ஒரே நாளில் குதிரைமலையையும் மற்ற இடங்களையும் பார்த்துவிடலாமா? (கொட்டாஞ்சேனை, நண்பர்கள் குழு)

பார்க்கலாம் தம்பிமாரே, ஆனால் எதையும் பார்த்ததாக இராது. குதிரைமலை மேற்குக் கரையில் இருக்கிறது. அல்லி அரசி ஆண்டதாக நம் மக்கள் கதை சொல்லும் இடம் அது. செம்மண் பாறைகளுக்குக் கீழே மன்னார் வளைகுடா விரிந்து கிடக்கும். ஹுனுவிலகமவிலிருந்து மணல் பாதையில் போய் வருவதற்கே ஒரு நாள் சரியாகப் போய்விடும். அந்த அவசரத்தில் வழியிலுள்ள வில்லுகளைத் தூசி பறக்கக் கடந்துவிடுவீர்கள்.

இரண்டு நாள் இருந்தால் ஒரு நாளைக் குதிரைமலைக்கே கொடுங்கள். ஒரு நாள்தான் என்றால் கடலை மறந்துவிட்டு, வாசலுக்கு அணித்தான வில்லுகளில் நில்லுங்கள். நில்லுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: ஒரு வில்லின் கரையில் எஞ்சினை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் பொறுத்திருங்கள். புள்ளிமான் கூவினாலோ குரங்கு கத்தினாலோ எல்லோரும் அந்தத் திசையைப் பாருங்கள். சாரதியை விரட்டி ஓட்டச் சொல்வதைப் போல ஒரு பயணத்தைக் கெடுப்பது வேறில்லை.

கரடி பார்க்க எந்த மாதம்? (கொள்ளுப்பிட்டி)

ஆனி, ஆடி. பாலை பழுக்கும் காலம். பழத்துக்காகக் கரடி மரமேறும். பொதுவாகவே வைகாசி முதல் ஆவணி வரை வரட்சியால் விலங்குகள் நீரைத் தேடி வரும். ஐப்பசிக்குப் பின் வடகீழ்ப் பருவமழை. பாதைகள் நீரில் மூழ்கக்கூடும், கூடாரம் வேண்டாம்.

இரவில் யானை வருமா? (பம்பலப்பிட்டி, கல்லூரி மாணவி)

வரக்கூடும் மகள், முகாமுக்கு வேலி கிடையாது. பழங்களைக் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம். யானைக்கு அந்த மணம் எட்டும். உணவு முழுவதையும் மூடிய பெட்டியில் வாகனத்துக்குள் வையுங்கள். இருட்டிய பின் தனியே நடக்காதீர்கள். திணைக்கள வழிகாட்டி சொல்வதை மறுபேச்சின்றிக் கேளுங்கள். பாட்டுப்பெட்டி கொண்டுபோகவே வேண்டாம். அது அவற்றின் வீடு.

சொந்த வாகனம் இல்லை. பஸ்ஸில் போகலாமா? (மருதானை)

போகலாம். புறக்கோட்டையிலிருந்து புத்தளம் வழியாக அநுராதபுரம் போகும் பஸ்ஸில் ஏறி, வில்பத்துச் சந்தியில் இறங்குங்கள். ஜீப்பை முன்கூட்டியே பேசி, சந்திக்கே வரச் சொல்லுங்கள். வாடகை முழு நாளுக்கா, அரை நாளுக்கா, நுழைவுக் கட்டணமும் சேர்த்தா என்பதைப் புறப்படும் முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.