ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி பதிலளிக்கிறார்

கேள்வி: எங்கள் மகளிர் குழுப் பணம் 54,000 ரூபாயைச் சென்ற மாதம் வங்கிக் கவுன்டரில் கட்டினேன். பாஸ்புக்கில் பதிந்து பார்த்தால் 45,000 என்று இருக்கிறது. முத்திரையிட்ட சலான் என்னிடம் உள்ளது. மேலாளரோ, ‘அன்றைக்குக் கேஷ் சரியாக இருந்தது’ என்கிறார். குழுவில் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். என்ன செய்யட்டும் ஐயா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: வித்தியாசம் 9,000. ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது, பார்த்தீர்களா? பேரேடு எழுதிய காலத்தில், இரவாகியும் கணக்கு நேராகாவிட்டால் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே வரும். 54 என்பதை யாரோ 45 என்று தட்டியிருக்கிறார் என்பது என் ஊகம். கணினி வந்தபின் கூட்டலில் பிழை வராது. விரல் செய்யும் பிழையை அது என்ன செய்யும்?

அப்படித் தட்டியிருந்தால் அன்று மாலை பெட்டியில் 9,000 ரூபாய் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். கூடுதல் இல்லை என்றால் அது எங்கே போனது என்பதை வங்கிதான் விளக்க வேண்டும், நீங்கள் அல்ல. ‘சரியாக இருந்தது’ என்று வாயால் சொல்வது பதிலாகாது.

வங்கியிடம் உள்ள சலான் பாதியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை ஐந்நூறு, எத்தனை நூறு என்று நீங்கள் எழுதியது அதில் இருக்கும். ஐந்நூறு ரூபாய்த் தாள் 108 என்று எழுதி, காசாளரும் முத்திரை வைத்திருந்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி. கவுன்டர் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் இன்றே எழுதிக் கொடுங்கள். அதை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள். கடிதத்தின் நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்குங்கள். சலானின் நகலை மட்டும் கொடுங்கள். மூலத்தைக் கேட்டால் காட்டலாம், கையை விட்டுப் போகக் கூடாது.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இன்னொன்று. திருத்தும்போது பணம் கட்டிய தேதியிலிருந்தே வரவு வைக்கச் சொல்லுங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்குக்கு அன்றாட இருப்பின் மீதுதான் வட்டி. ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்றால் 40 நாளுக்கு ஏறக்குறைய 25 ரூபாய்தான் வரும். இருந்தாலும் கேளுங்கள், குழுவின் பணம் அது.

கேள்வி: ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. 22 நாள் கழித்துத் திருப்பி வந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். சரிதானே?
- வாசகர், தென்காசி

பதில்: நன்றி சொன்னதில் தப்பில்லை, மிச்சத்தைக் கேட்காததுதான் தப்பு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவுப்படி, ஐந்து நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. உங்களுக்கு 17 நாள், 1,700 ரூபாய். வாடிக்கையாளர் கேட்காமலேயே கொடுக்க வேண்டும் என்றுதான் விதி. கேட்டால்தான் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

கேள்வி: முன்பின் தெரியாதவர் பணம் 20,000 ரூபாய் என் கணக்கில் விழுந்திருக்கிறது. வங்கி செய்த பிழைக்கு நான் பொறுப்பா?
- வாசகர், ஓசூர்

பதில்: பிழைக்குப் பொறுப்பில்லை, பணத்துக்கு உண்டு. தவறுதலாக வந்ததைத் திருப்பித்தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. ஆனால் யாரோ போனில் அழுதுகொண்டு கேட்டார் என்பதற்காக அவர் சொல்லும் எண்ணுக்கு அனுப்பிவிடாதீர்கள்; மோசடிக்காரர்கள் அப்படியும் பேசுவார்கள். உங்கள் கிளைக்கு எழுதிக் கொடுத்து, வந்த கணக்குக்கே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை அந்த 20,000 கணக்கிலேயே இருக்கட்டும்.