இலக்கியம் படித்தால் தூதராக முடியுமா? ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ முடித்த மகள் ஆங்கில இலக்கியம்தான் படிப்பேன், அப்புறம் வெளியுறவுப் பணிக்குப் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். "கதை, கவிதை படித்துவிட்டு யார் தூதரானார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிலிப்பைன்ஸில் ஒருவர் ஆனார். அவர் பெயர் லெட்டீசியா ராமோஸ் ஷஹானி.

1929-ல் பங்காசினான் மாகாணத்தின் லிங்கயென் ஊரில் பிறந்தவர். அமெரிக்காவின் வெல்லெஸ்லி கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ., கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியத்தில் எம்.ஏ., பாரிஸின் சோர்போனில் அதே பாடத்தில் முனைவர் பட்டம். சட்டமோ பொருளாதாரமோ அந்தப் பட்டியலில் இல்லை. கல்லூரி ஆசிரியராக இருந்தார். 1964-ல் நியூயார்க்கில் ஐ.நா. செயலகத்தின் மனித உரிமைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார்.

"அவர் அப்பா பெரிய ஆளாக இருந்திருப்பார்" என்று உங்களுக்குத் தோன்றும். உண்மைதான், மறைக்க மாட்டேன். தந்தை நார்சிசோ ராமோஸ் பிலிப்பைன்ஸின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைத் தொடங்கிய பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஐவரில் ஒருவர். அண்ணன் ஃபிடல் ராமோஸ் 1992-ல் நாட்டின் அதிபரானார். அந்த வீட்டில் பிறந்தது ஷஹானிக்கு உதவியிருக்கிறது. ஆனால் 1968-ல் கணவர், இந்திய எழுத்தாளர் ரஞ்ஜி ஷஹானி இறந்தபோது, மூன்று சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலையையும் பார்த்தவர் அவர்தான். 1975-ல் ருமேனியாவுக்குத் தூதராகப் போனார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அவர் வகித்த பதவிகளை விட, அவர் செய்த வேலை. தூதர் என்றால் கோட்டு சூட்டு, விருந்து, கைகுலுக்கல் என்று நினைக்கிறோம். உள்ளே போனால் பாதி நேரம் ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டுவதுதான் வேலை. ஐ.நா. வரைவுகளில் நாடுகள் ஒத்துக்கொள்ளாத சொற்களைச் சதுர அடைப்புக்குள் போட்டு வைப்பார்கள். அந்த அடைப்பு ஒவ்வொன்றாக நீங்கும் வரை யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். பெண்களுக்கு எதிரான எல்லாவிதப் பாகுபாட்டையும் ஒழிக்கும் உடன்படிக்கையின் தொடக்க வரைவில் ஷஹானிக்குப் பெரிய பங்குண்டு. 1979 டிசம்பர் 18-ல் ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றது. 30 பிரிவுகள் கொண்ட அந்த உடன்படிக்கையில் இன்று 189 நாடுகள் இணைந்திருக்கின்றன.

1985-ல் நைரோபியில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டுக்கு அவர்தான் பொதுச்செயலாளர். ஐந்து வருடம் முன்பு கோபன்ஹேகன் மாநாட்டு ஆவணத்தில் எல்லோரும் ஒன்றுபடவில்லை, வாக்கெடுப்பில் பிளவுபட்டார்கள். நைரோபியிலும் சியோனிசம் (யூதர்களுக்குத் தனி நாடு என்ற கொள்கை) என்ற ஒரே சொல்லை இனவெறி போன்றவற்றோடு சேர்த்து எழுதுவதா என்று கடைசி வரை இழுபறி. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, இனப்பாகுபாட்டின் மற்ற எல்லா வடிவங்களும் என்ற பொருளில் பொதுவாக எழுதினார்கள். ஆவணம் ஒருமித்து நிறைவேறியது. ஒரு சொல்லின் எடையை இத்தனை கவனமாகப் பார்க்கப் பழக்குகிற படிப்பு எது? உங்கள் மகள் கேட்கிற படிப்புதான்.

பிறகு பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் உறுப்பினராக இருந்தபோதும் அவர் சொற்களை விடவில்லை. அந்த நாட்டுச் சட்டத்தில் பாலியல் வன்கொடுமை "கற்புக்கு எதிரான குற்றம்" என்ற தலைப்பில் இருந்தது. 1997-ல் வந்த சட்டம் அதை "நபருக்கு எதிரான குற்றம்" என்று மாற்றியது. செனட்டில் அதற்காக முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் ஷஹானி. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

சரி, பெரிய வீட்டுப் பிள்ளையாக இல்லாதவர்களுக்கு வழி என்ன? பிலிப்பைன்ஸில் வெளியுறவு அதிகாரி தேர்வு இருக்கிறது. தகுதித் தேர்வு, முதல்கட்ட நேர்காணல், எழுத்துத் தேர்வு, உளவியல் தேர்வு, வாய்மொழித் தேர்வு என்று ஐந்து படிகள். பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். ஆனால் எழுத்துத் தேர்வில் ஆங்கிலம், ஃபிலிப்பினோ, நாட்டு நடப்பு, சர்வதேச விவகாரம், உலக வரலாறு, ஒரு வெளிநாட்டு மொழி எல்லாம் உண்டு. இலக்கியம் மட்டும் படித்தவர் அங்கே தடுமாறுவார்.

உங்கள் மகளுக்கும் அதே கணக்குதான். நம் வெளியுறவுப் பணிக்கு யூபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வே வாசல். எந்தப் பட்டமும் போதும். ஆங்கில இலக்கியத்தையோ தமிழ் இலக்கியத்தையோ விருப்பப் பாடமாகவே எடுக்கலாம். ஆனால் அந்தத் தேர்வில் முதல் முறையே தேறுவாள் என்று நம்பிக் குடும்பக் கணக்குப் போடாதீர்கள். அவளிடம் இரண்டு நிபந்தனை வையுங்கள். முதல் வருடத்திலிருந்தே பிரெஞ்சோ வேறு ஒரு மொழியோ விடாமல் படிக்க வேண்டும். பொருளாதாரமும் உலக வரலாறும் அவளாகவே வாசிக்க வேண்டும். தேர்வு கைகூடாமல் போனாலும் மொழிபெயர்ப்பு, பதிப்பகம், ஆசிரியப் பணி, தொண்டு நிறுவனங்களின் அறிக்கை எழுதும் வேலை என்று இந்தத் திறமைக்கு இடமிருக்கிறது. சம்பளம் ஆரம்பத்தில் குறைவாக இருக்கும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள் ஏதாவது ஒரு வெளிநாட்டுச் செய்தியைக் கொடுத்து, இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போகிற மாதிரி ஒரே பத்தியில் எழுதச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள், பிறகு அவளோடு வந்து என்னைப் பாருங்கள். அந்தத் தாளையும் கையில் எடுத்து வாருங்கள்.