பேரியம் படத்தைப் பார்த்தே குடல் காசநோய் என்று உறுதியாகச் சொல்ல முடியாதா?

உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டில் "குடல் காசநோய் அல்லது கிரோன்ஸ் நோய்" (கிருமித் தொற்று இல்லாமலே குடலில் நீடிக்கும் அழற்சி) என்று இரண்டையும் போட்டிருப்பதால், எழுதியவருக்கே தெளிவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ரேடியாலஜிஸ்ட்தான், அது சுருக்கென்று தைத்தது. படத்தை மட்டும் வைத்து எழுதும்போது பல நேரம் அதுதான் நேர்மையான ரிப்போர்ட்.

நான் பார்த்த ஒரு இளம்பெண்ணைச் சொல்கிறேன். கிரோன்ஸ் என்று வைத்து ஸ்டீராய்டு தொடங்குவதாக இருந்தார்கள். எக்ஸ்ரேயில் குடலை வெள்ளையாகக் காட்டும் பேரியம் கரைசலைக் குடித்தார். சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை அது ஒழுங்காக வந்தது. அங்கே நிற்கவே இல்லை. குறுகிக் கிடந்த அந்த இடத்தைத் தாண்டி விறுவிறுவென்று பெருங்குடலுக்குள் போய்விட்டது. புண்ணான குடல் பேரியத்தைத் தங்கவிடாது. ஸ்டியர்லின் அறிகுறி என்பது இதுதான். வலது அடிவயிற்றில் இருக்க வேண்டிய சீக்கம், அதாவது பெருங்குடலின் தொடக்கப் பை, கூம்பாகச் சுருங்கி மேலே ஏறியிருந்தது. சிறுகுடலுக்கும் சீக்கத்துக்கும் இடையிலுள்ள வால்வு தடித்து வாய் பிளந்திருந்தது. கிரோன்ஸிலும் கடைசிப் பகுதி குறுகும். ஆனால் சீக்கம் இவ்வளவு சுருங்கி வால்வும் பிளந்திருந்தால் எனக்குக் காசநோய்ச் சந்தேகம்தான் முதலில் வரும்.

அப்புறம் கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தோம். குடலை ஒட்டிய நிணநீர்க் கணுக்களின் ஓரம் மட்டும் பளிச்சென்று, நடுப்பகுதி கறுத்துத் தெரிந்தது. உள்ளே திசு செத்துப்போன கணுக்கள் அவை. கிரோன்ஸில் அப்படி வருவது அரிது. குடல் திசுவைக் கிள்ளி எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும் காசநோய் என்றே சொன்னது. ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்து காசநோய் பரவியிருக்கலாம். அந்த ரிப்போர்ட்டை எழுதியதில் எனக்குப் பெருமைதான்.

"மார்பு எக்ஸ்ரே நார்மலாக இருக்கிறதே" என்று யாராவது வருவார்கள். குடல் காசநோய் உள்ள பலருக்கு அது நார்மலாகத்தான் இருக்கும். பயாப்ஸியில் கிருமி சிக்காமல் போவதும் சகஜம். அப்போது காசநோய் மருந்தைக் கொடுத்து, சில மாதம் கழித்துக் கொலனோஸ்கோப்பியில் (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதைச் சோதனை எலி ஆக்குவதாக நினைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண்ணின் சீட்டில் "வயிற்று வலி" என்று மட்டுமே எழுதியிருந்தது. மாலைக் காய்ச்சலும் எடை குறைந்ததும் நான் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அனுப்புகிற டாக்டர்கள் இரண்டு வரி கூடுதலாக எழுதினால் என்ன? உங்கள் தம்பிக்கு அப்படி ஏதாவது இருந்தால், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால், ஸ்கேன் எடுக்கும் இடத்திலேயே நீங்களே சொல்லிவிடுங்கள்.