லிமிடெட் பார்ட்னர்ஷிப் யூனிட்டை விற்றீர்களா? வரிக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்கப் பங்குச்சந்தையில் ஒரு எண்ணெய்க் குழாய் பார்ட்னர்ஷிப்பின் 100 யூனிட்டை 2,500 டாலருக்கு வாங்கி, போன வருடம் 2,200க்கு மொத்தமாக விற்றேன். புரோக்கரின் விற்பனை அறிக்கையான 1099-பி 300 டாலர் நஷ்டம் என்கிறது. பார்ட்னர்ஷிப் வருடாவருடம் அனுப்பும், என் பங்கு வரவு நஷ்டத்தைக் காட்டும் கே-1 தாள் கூட வந்த விற்பனை அட்டவணையோ, அடக்கவிலையில் 1,500 கழி, சாதாரண வருமானம் 900 என்கிறது. எதை நம்புவது?

பதில்: அட்டவணையை. புரோக்கருக்குத் தெரிந்தது நீங்கள் வாங்கிய விலை மட்டும்தான். வருடாவருடம் கைக்கு வந்த பணம் டிவிடெண்ட் இல்லை சார், உங்கள் அடக்கவிலையையே குறைக்கும் பணம். உங்களுக்கு வந்தது 900 என்றும், கே-1இல் சேர்ந்த நஷ்டம் 600 என்றும் வைத்துக்கொள்வோம். அடக்கவிலை 1,000 ஆகிவிட்டது. ஆக லாபம் 1,200.

அதில் அட்டவணை சொல்லும் 900, பார்ட்னர்ஷிப் தன் கணக்கில் முன்பு கழித்த தேய்மானத்தைத் திரும்பப் பிடிப்பது. அது வரித் தாக்கலில் 4797 படிவத்தின் இரண்டாம் பகுதிக்குப் போகும், சாதாரண விகிதத்தில் வரி. மீதி 300 மூலதன லாபமாக 8949 படிவத்தில்.

இத்தனை வருடம் கழிக்க முடியாமல் முடங்கிக் கிடந்த அந்த 600 நஷ்டம், எல்லா யூனிட்டையும் விற்றதால் இப்போது விடுபடும். ஷெட்யூல் ஈ என்ற படிவத்தில் கழியுங்கள். சரிபார்க்க வேண்டுமா? போட்டது 2,500, மொத்தம் வந்தது 3,100. லாபம் 600. வரிக்கணக்கும் அதேதான், 1,200இல் 600 போக.

கேள்வி: என் கே-1 இன்னும் வரவில்லை.

பதில்: பெரும்பாலும் மார்ச்சில் வரும். அதற்குமுன் தாக்கல் செய்யாதீர்கள்.

கேள்வி: மேலே சொன்னது தப்பு. 1099-பி விலை அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.க்கும் போயிருக்கிறது. மாற்றினால் நோட்டீஸ் வரும்.

பதில்: மாற்றச் சொன்னது யார்? 8949இல் 2,500ஐ அப்படியே எழுதி, எஃப் கட்டத்தில் அடக்கவிலை சரியில்லை என்று சொல்லும் பி குறியீடு, ஜி கட்டத்தில் கூட்டல் 600. அடக்கவிலைத் திருத்தம் 1,500, அதில் 4797க்குப் போன 900 போக மீதி. அந்த 900ஐக் கழிக்க மறந்தால் ஒரே லாபத்துக்கு இரண்டு முறை வரி.

அவரே: 300 டாலர் நஷ்டப்பட்டவன் 900க்குச் சாதாரண வரி கட்டுவது நியாயமா?

பதில்: நஷ்டப்படவில்லையே, 600 சம்பாதித்திருக்கிறார்! யூனிட் விலை இறங்கியதை மட்டும் பார்க்கிறீர்கள், வருடாவருடம் வாங்கித் தின்ற 900 எங்கே? தேய்மானச் சலுகையை அப்போது ரசித்தீர்கள், இப்போது பில் வருகிறது.

கேள்வி: ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வூதியக் கணக்கில் இருந்த யூனிட்டுகளை விற்றேன். கவலையில்லைதானே?

பதில்: இருக்கிறது. அந்தச் சாதாரண வருமானம், ஓய்வூதியக் கணக்குக்கும் வரி விழும் ‘தொடர்பில்லாத தொழில் வருமானம்’ ஆகலாம். மொத்தம் 1,000 டாலரை எட்டினால் கணக்கைப் பராமரிப்பவர் அதற்கான 990-டி படிவம் தாக்கல் செய்ய வேண்டும். கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன், அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லை. விற்ற பணத்தில் 10 சதவீதம் பிடித்துவிட்டார்கள். லாபத்திலா?

பதில்: இல்லை, விற்ற தொகையில். 2023 ஜனவரியிலிருந்து இப்படித்தான். அதிகமாகப் பிடித்திருந்தால் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கான 1040-என்ஆர் படிவம் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற முடியும். பிடித்த வரியைக் காட்டும் 1042-எஸ் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: அப்பா இறந்து எனக்கு வந்த யூனிட்டுகள்.

பதில்: இறந்த நாளின் சந்தை மதிப்பிலிருந்து அடக்கவிலை தொடங்கும். அட்டவணை அப்பாவின் விலையிலேயே வந்திருந்தால், கே-1 உதவி எண்ணைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: சார், கே-1 வரவில்லை. கெடு ஏப்ரல் 15.

பதில்: கூடுதல் அவகாசம் கேட்கும் 4868 படிவம் போட்டால் அக்டோபர் 15 வரை நேரம். வரியை மட்டும் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும்.

கேள்வி: கே-1 வராவிட்டால் 1099-பியை வைத்தே...

பதில்: கூடாது. முதல் கேள்வியிலிருந்து படியுங்கள்.