விலை எங்கே போகும் என்று தெரியாமலே ஆப்ஷனுக்கு எப்படி விலை வைக்கிறார்கள்?

ஒரு பங்கை இன்றே பேசி முடித்த விலையில் பின்னர் வாங்கிக்கொள்ளும் உரிமைதான் இங்கே பேசும் ஆப்ஷன். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதற்கு விலை வைக்கும்போது பங்கு ஏறுமா இறங்குமா என்று பார்ப்பதில்லை. எவ்வளவு அலையும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 1900-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூயி பஷெலியே தொடங்கிவைத்த பாதை இது.

இந்தத் துறையிலேயே எனக்கு மிக அழகாகப் படும் இடம் அடுத்தது. 100-க்கு விற்கும் பங்கு நாளை 120 அல்லது 80 ஆகலாம் என்று வையுங்கள். 100-க்கு வாங்கும் உரிமை அப்போது 20 தரும், அல்லது ஒன்றும் தராது. வட்டியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 40 கடன் வாங்கி, கையிலிருந்து 10 போட்டு, அரைப் பங்கு வாங்குங்கள். நாளை அதை விற்றுக் கடனை அடைத்தால் மிஞ்சுவதும் அதே 20 அல்லது பூஜ்யம்தான். ஆகவே ஆப்ஷனின் விலை 10. பாகங்களை வாங்கி நாமே பொருத்திக்கொள்ளக்கூடிய நாற்காலியை யாரும் கூடுதல் விலைக்கு விற்க முடியாது அல்லவா, அதுபோல. 1973-இல் பிளாக், ஷோல்ஸ், மெர்டன் என்ற பொருளியலாளர்கள் இதே எண்ணத்தை நொடிக்கு நொடி மாறும் விலைக்கும் விரித்தார்கள்.

 

பங்கு ஏறும் வாய்ப்பு கூடினால் ஆப்ஷன் விலையும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள்; ஆனால் மேலே 10 என்ற விடை வந்த கணக்கில் அந்த வாய்ப்பு எங்குமே நுழையவில்லை.